படலைக் கட்டையைச் சுரண்டிய குளவி

2022ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் ஒருநாட் காலை, இலங்கையின் வடக்கே வன்னிப் பகுதியில், ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள எங்கள் வளவின் வாசற் படலையடியில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, காய்ந்த ஓலையை யாரோ நகத்தால் மெல்லச் சுரண்டுவது போன்ற ஓர் ஒலி என் காதில் விழுந்தது. குனிந்து பார்த்தேன். வெயிலிலும் மழையிலும் கிடந்து சாம்பல் நிறமாகிப்போன முதிரைக் கட்டையில் ஒரு குளவி தலைகீழாக நின்று, பின்னோக்கி நடந்தபடியே மரத்தைத் தாடையால் வழித்துக்கொண்டிருந்தது. அது வழித்துச் சென்ற இடத்தில் பென்சில் அகலத்தில் வெளிறிய கோடொன்று தெரிந்தது. அதன் பக்கத்திலேயே அத்தகைய பத்துப் பதினைந்து கோடுகள் ஏற்கெனவே இருந்தன. அவற்றைப் பார்த்துவிட்டு நான் வாயைக் கொப்பளித்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டேன். அந்தக் கோடுகள் என்ன சொல்கின்றன என்று அன்றைக்கே விளங்கியிருந்தால், அந்த வருடம் ஆடி மாதத்தில் ஓர் ஆட்டையும், கிட்டத்தட்ட என் மைத்துனரையும் இழக்கும் நிலைக்கு வந்திருக்க மாட்டோம்.

குளவி மரத்தைச் சுரண்டுவது தின்பதற்காக அல்ல. சுரண்டிய நாரை உமிழ்நீரோடு சேர்த்து மென்று கூழாக்கி, அதைக் கொண்டே தாள் போன்ற கூட்டை அது கட்டுகிறது. ஆகவே ஒரு கட்டையில் நாள்தோறும் புதிய கோடுகள் தோன்றுமானால், கூடு தொலைவில் இல்லை என்றே கொள்ள வேண்டும். கூட்டைத் தேடுவதற்கு அதைவிட நல்ல தருணமும் வேறில்லை. தொடக்கத்தில் அது தேசிக்காய் அளவிலேயே இருக்கும், அதற்குள் தாய்க்குளவி ஒன்றும் ஒரு சில குஞ்சுகளும் மட்டுமே இருக்கும்.

குளவி என்று நாங்கள் ஒரே பெயரால் அழைத்தாலும், வன்னியில் வீட்டைச் சுற்றி வருபவை பலவகை. சுவர் மூலையிலும் யன்னல் சட்டத்திலும் மண்ணால் கூடு கட்டுகிற மெல்லிடைக் குளவி தனித்து வாழ்வது. அதைக் கையால் பிடித்து நசுக்கினாலன்றி அது கொட்டுவதில்லை. கூரை வளையிலும் கிடுகின் அடியிலும் காம்பு வைத்துத் தொங்கும் சிறிய, திறந்த அறைகளைக் கொண்ட கூடுகள் இன்னொரு வகைக்குரியவை. இவை கூட்டமாக வாழ்பவை என்றாலும் கூட்டம் சிறியது, கூட்டை அசைக்காதவரை பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. மூன்றாவது வகைதான் அஞ்சத்தக்கது: உடல் கறுப்பு, வயிற்றின் முன்பாதி செம்மஞ்சள், நீளம் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. மரக்கிளையில் குடம் போலத் தொங்கும் மூடிய கூடு அதனுடையது, அக்கூட்டுக்கு ஒரு பக்கத்தில் சிறிய வாசல் ஒன்று இருக்கும். இதனினும் பெரிய, வயிற்றில் ஒரேயொரு மஞ்சட்பட்டை கொண்ட நான்காவது வகையொன்று மரப்பொந்திலும் நிலத்தடிப் பொந்திலும் குடியிருக்கும். அது சிறு குளவிகளின் கூடுகளைக் கொள்ளையிட்டு அவற்றின் குஞ்சுகளைத் தூக்கிச் செல்வதை எங்கள் மாட்டுக்கொட்டிலில் நானே கண்டிருக்கிறேன்.

அந்த நான்காவது வகையுடன் எனக்கு முதலில் ஏற்பட்ட சந்திப்பு, போரில் இடம்பெயர்ந்து முகாமில் இருந்துவிட்டு 2011இல் ஊருக்குத் திரும்பிய நாட்களில் நிகழ்ந்தது. வீட்டுக்குக் கூரை இல்லை. சுவர் இடுப்பளவில் நின்றது. வளவு முழுவதும் நாயுண்ணியும் எருக்கலையும் மண்டிக் கிடந்தன. கண்ணிவெடி அகற்றியவர்கள் பார்த்து முடித்துவிட்டார்கள் என்ற துணிவில் கத்தியும் கையுமாகக் கிணற்றடியைத் துப்புரவாக்கத் தொடங்கியபோது, கட்டின் அடியிலிருந்த பொந்தொன்றைக் கத்தியின் நுனி தட்டிவிட்டது. ஏழு இடங்களில் குத்து வாங்கினேன். வெடிக்குத் தப்பி வந்தவன் குளவிக்குத் தப்பவில்லை என்று மனைவி பின்னாளில் சொல்லிச் சிரித்தாலும், அன்றைக்குச் சிரிக்கும் நிலையில் அவர் இருக்கவில்லை. யாரோ சுண்ணாம்பு கொண்டுவந்து பூசினார்கள். அதைப் பூசுவதில் காட்டிய அவசரத்தை என் கையிலிருந்த கலியாண மோதிரத்தைக் கழற்றுவதில் ஒருவரும் காட்டவில்லை. ஒரு மணித்தியாலத்துக்குள் விரல் வீங்கி மோதிரத்துக்கு மேல் சதை புரண்டுவிட்டது. அன்று மாலை கம்பி வெட்டும் குறட்டினால் அதை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. கையில் குத்து விழுந்தால் மோதிரம், காப்பு, மணிக்கூடு ஆகியவற்றை உடனே கழற்ற வேண்டும் என்பதை நான் கற்றது இவ்வாறுதான்.

சுண்ணாம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தேனீயின் நஞ்சு புளிப்புத்தன்மை உடையது என்பதால் சுண்ணாம்பு, குளவியின் நஞ்சு அதற்கு எதிரானது என்பதால் தேசிப்புளி என்று எங்கள் பகுதியில் ஒரு கணக்கு உண்டு. நஞ்சு தோலுக்கு மேலே இருந்தாலல்லவா அந்தக் கணக்கு சரிவரும்? அது தோலுக்குள் இறங்கிவிட்ட பிறகு மேலே எதைப் பூசினாலும் அங்கே போய்ச் சேர்வதில்லை. சவர்க்காரமிட்டுக் கழுவி, ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி வைப்பதே வலியையும் வீக்கத்தையும் தணிக்கிறது. தேனீ குத்தினால் அதன் கொடுக்கு தோலில் தங்கிவிடும், அதை உடனே வழித்தெடுக்க வேண்டும். குளவியின் கொடுக்கில் அத்தகைய முள் இல்லாதபடியால் அது தங்குவதில்லை. அதே காரணத்தால் ஒரே குளவி திரும்பத் திரும்பக் குத்தவும் முடிகிறது.

இனி 2022ஆம் ஆண்டுக்கு வருகிறேன். ஆடி மாதத்தின் கடைசியில் ஒரு பிற்பகல், எங்களுடன் தங்கியிருந்த மைத்துனர் ஆட்டுக்குக் குழை ஒடிப்பதற்காகக் கொக்கத்தடியை எடுத்துக்கொண்டு வேலியோரப் பூவரசடிக்குப் போனார். அந்தப் பூவரசின் அடர்ந்த இலைகளுக்குள், எங்கள் ஒருவர் கண்ணிலும் படாமல், ஒரு தேங்காயினும் பெரிதாகக் கூடொன்று வளர்ந்திருந்தது. கொக்கத்தடி அதைத் தொடவில்லை, அது தொங்கிய கிளையை ஒருமுறை இழுத்தது, அவ்வளவுதான். இந்த வகைக் குளவிக்குக் கிளையின் அதிர்வே போதுமானது. மைத்துனர் தடியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். அவருக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு குத்துகள்: ஒன்று பிடரியில், மற்றது முழங்கையில்.

இரண்டு குத்துத்தானே என்று நாங்கள் எண்ணினோம். ஆனால் முந்திய வருடம் வயலில் ஒரு குளவி குத்தியபோது அவருடைய கை முழுவதும் வீங்கி, உடம்பெல்லாம் தடித்திருந்ததை ஒருவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. பத்து நிமிடம் கழியுமுன்னரே உள்ளங்கையிலும் அக்குளிலும் அரிப்புத் தொடங்கியது. பின்பு வயிற்றிலும் முதுகிலும் காஞ்சோன்றி பட்டது போலத் தடிப்புகள் எழுந்தன. குரல் கரகரத்தது. “தொண்டைக்குள்ள என்னவோ அடைக்குது அத்தான், தலையும் சுத்துது” என்று சொல்லிக்கொண்டே திண்ணையில் சாய்ந்துவிட்டார்.

அது எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலம். அயலில் மூன்று மோட்டார் சைக்கிள்களும் ஓர் ஓட்டோவும் இருந்தும் ஒன்றிலும் பெற்றோல் இல்லை. இலவச அம்புலன்ஸ் சேவையின் 1990 என்ற இலக்கம் எங்கள் மகளின் பள்ளிக் கொப்பி அட்டையில் எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது. தொலைபேசியில் பேசியவர், அவரை எழுப்பி இருத்தாமல் படுக்க வைத்துக் கால்களை உயர்த்தி வைக்கும்படியும், மூச்செடுக்கச் சிரமப்பட்டால் மட்டும் முதுகைச் சாய்த்து இருத்தும்படியும், எழுந்து நடக்க விட வேண்டாம் என்றும் சொன்னார். நான் அவரை நடத்திக்கொண்டு படலைவரை போகலாமென்று எண்ணியிருந்தேன். அது எவ்வளவு பெரிய பிழையாக முடிந்திருக்கும் என்பதைப் பின்னர் வைத்தியசாலையில் விளங்கப்படுத்தினார்கள். இரத்த அழுத்தம் விழுந்திருக்கும் வேளையில் திடீரென எழுந்து நிற்பதே உயிரைக் கொண்டுபோகக் கூடுமாம்.

அம்புலன்ஸில் வந்தவர்கள் தொடையின் வெளிப்புறத்தில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். ஒவ்வாமை இவ்வளவு தூரம் முற்றிய நேரத்தில் முதலில் கொடுக்க வேண்டிய மருந்து அதுவே; நாங்கள் வழமையாகப் பாமசியில் வாங்கி விழுங்குகிற அரிப்பு மாத்திரை தடிப்பைத் தணிக்குமேயன்றி, அடைக்கும் தொண்டையைத் திறக்காது. வைத்தியசாலையை அடையும்போதே மைத்துனரின் முகத்தில் இரத்த ஓட்டம் திரும்பியிருந்தது. ஆயினும், சில மணித்தியாலங்கள் கழித்து அதே குறிகள் மீண்டும் தலைதூக்கலாம் என்பதால் மறுநாள் வரை அவரை மறித்து வைத்திருந்தார்கள். இப்போது அவருடைய ஒவ்வாமை பற்றிய குறிப்பொன்று தேசிய அடையாள அட்டையோடு சேர்த்துப் பணப்பையில் இருக்கிறது.

ஒவ்வாமை இல்லாதவருக்கும் குத்துகளின் எண்ணிக்கை கூடினால் ஆபத்து வேறு வழியில் வரும். பக்கத்துக் கிராமத்தில் பனை ஏறும் தொழிலாளி ஒருவர் வட்டுக்குள் இருந்த கூட்டில் கைபட்டு, ஏறக்குறைய நாற்பது குத்துகளுடன் இறங்கி வந்தார். அன்றிரவு அவருக்குப் பெரிய தொந்தரவு எதுவும் தெரியவில்லை. அடுத்த நாள் சிறுநீர் பால் விடாத தேநீரின் நிறத்தில் போகத் தொடங்கிய பிறகுதான் வைத்தியசாலைக்குப் போனார். நஞ்சு தசைகளையும் செங்குருதிக் கலங்களையும் சிதைக்க, அவற்றின் கழிவு சிறுநீரகத்தை அடைத்திருந்தது. சில வாரங்கள் இயந்திரத்தின் உதவியோடு இரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டியிருந்தது. ஆகவே பெருந்தொகையான குத்துகள் பட்டவர், மூச்சும் பேச்சும் சீராக இருந்தாலும், அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போய்விட வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு அந்தத் தொகை மிகக் குறைவு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மைத்துனரைக் கவனித்த பரபரப்பில் நாங்கள் மறந்தது ஆட்டை. பூவரசிலிருந்து ஆறேழு அடி தூரத்தில், கதியாலில் இறுகக் கட்டியிருந்த அந்த மறியாடு ஓட வழியில்லாமல் கயிற்றைச் சுற்றிச் சுற்றி முறுக்கிக்கொண்டு கத்தியது. கயிற்றை அறுக்கலாமென்று என் மகன் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு இரண்டு முறை நெருங்கி, இரண்டு முறையும் திரும்பி ஓடி வந்தான். குளவியை அடித்து நசுக்கினால் அதன் உடலிலிருந்து வெளியேறும் வாசனை மற்றக் குளவிகளைக் கூட்டி வரும். ஆடோ வாலாலும் காதாலும் அடித்துக்கொண்டே இருந்தது. அன்றிரவு அது செத்துப்போயிற்று. இப்போது எங்கள் வளவில் எந்தக் கால்நடையையும் தூரத்தில் நின்று கயிற்றின் நுனியை இழுத்தால் அவிழ்ந்துவிடும் முடிச்சினால்தான் கட்டுகிறோம். கட்டுவதற்கு முன் மேலே அண்ணாந்து பார்க்கிறோம்.

அடுத்த நாள் எல்லோருடைய ஆலோசனையும் வந்தது. ரொறன்ரோவில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தம்பி, அங்கே தன்னுடைய வீட்டுப் பின்வளவில் யெலோ ஜாக்கெட் என்ற மஞ்சட்குளவியோடு படும் பாட்டை விரிவாகச் சொன்னான். அது நிலத்துப் பொந்திலும் சுவர் இடைவெளியிலும் கூடு வைக்குமாம். ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் இறைச்சி வாட்டும் இடத்தையும் சோடாப் பேணியையும் மொய்க்குமாம். கடையில் விற்கும் நுரை மருந்தை இருபது அடி தூரத்திலிருந்து பீச்சலாம், அதற்கும் பயமென்றால் பேசாமல் இருக்கலாம், முதலாவது கடும் உறைபனி விழுந்தவுடன் வேலைக்குளவிகள் எல்லாம் செத்துவிடும், கருவுற்ற தாய்க்குளவிகள் மாத்திரம் எங்காவது ஒளிந்திருந்து அடுத்த வசந்தத்தில் புதிதாகத் தொடங்கும் என்றான். “பனி விழும்வரை பொறுத்துக்கொள் அண்ணா” என்று அவன் சொன்னபோது இங்கே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. வன்னியின் மாரியில் குளவியைக் கொல்லும் குளிர் எங்கே வரப்போகிறது? இருந்தாலும் அவன் சொன்ன ஒன்று எங்களுக்கும் பொருந்தியது: சுவருக்குள் கூடு இருந்தால் வெளி வாசலைச் சீமெந்தால் அடைக்கக் கூடாது, அடைத்தால் அவை உட்பக்கமாக வழி தேடி அறைக்குள் வந்துவிடும்.

என்னுடைய திட்டம் பந்தம் கட்டிக் கொளுத்துவது. ஊரில் காலங்காலமாகச் செய்து வந்தது அதுதான், தம்பிமார் இருவரும் அதற்கு ஆயத்தமாக நின்றார்கள். எங்களைத் தடுத்தது அறிவு அல்ல, மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு. இரண்டு நாள் வரிசையில் நின்றும் ஒரு போத்தல் கிடைக்கவில்லை. இன்று நினைத்துப் பார்க்கையில், கிடுகால் வேய்ந்த ஆட்டுக்கொட்டிலுக்கு மேலே, காற்றடிக்கும் ஆடி மாதத்தில், எரியும் கூடொன்று துண்டு துண்டாக விழுந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நெஞ்சு பதறுகிறது. வயலுக்கு அடிக்கும் மருந்தைத் தெளிக்கலாமென்றும் ஒருவர் சொன்னார். தலைக்கு மேலிருக்கும் கூட்டுக்கு மருந்தடித்தால் அது அடிப்பவரின் முகத்தில்தான் வடியும் என்பதாலும், அருகில் குடிநீர்க் கிணறு இருப்பதாலும் அதை விட்டுவிட்டோம்.

கடைசியில் முத்தையன்கட்டுப் பக்கத்திலிருந்து ஓர் அப்பு வந்தார். காட்டில் தேன் எடுத்துப் பழகியவர், எழுபது வயதைத் தாண்டியவர். வந்தவுடன் கூட்டை எடுப்பார் என்று எதிர்பார்த்த எங்களை ஏமாற்றிவிட்டு, மூன்று நாள் அந்தி வேளையில் தூரத்தில் கதிரை போட்டு இருந்து சுருட்டுப் பிடிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். வாசல் எந்தப் பக்கம், எத்தனை, கடைசிக் குளவி எப்போது உள்ளே போகிறது, கிளையின் எந்த இடத்தில் வெட்டினால் கூடு குலுங்காது என்பவற்றைத்தான் அவர் பார்த்தார். “எடுக்கிறது கால்மணித்தியால வேலை தம்பி, பாக்கிறதுதான் வேலை” என்றார்.

நான்காம் நாள், நிலவு எழாத முன்னிரவில், தடித்த காற்சட்டையும் மழைக்கோட்டும் அணிந்து, தொப்பிக்கு மேல் நுளம்பு வலையைப் போட்டு, கைமுட்டிலும் கணுக்காலிலும் சைக்கிள் ரியூப் பட்டியால் இறுகக் கட்டிக்கொண்டார். ரோச் லைட்டின் முகத்தில் சிவப்புப் பொலித்தீனைச் சுற்றினார். குளவியின் கண்ணுக்குச் சிவப்பு வெளிச்சம் அநேகமாகத் தெரிவதில்லை. ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்ட இரண்டு உரப்பைகளை நனைத்துக் கீழிருந்து மேலாகக் கூட்டின்மேல் ஏற்றி, கிளையோடு சேர்த்து வாயைக் கட்டிய பிறகே மரமறுக்கும் வாளால் அறுத்தார். அறுக்கும்போது பைக்குள்ளிருந்து எழுந்த இரைச்சல் தூரத்தில் நெல்லுக்குத்தும் ஆலையின் ஒலி போல இருந்தது. பையைச் சவர்க்காரத் தூள் கரைத்த தண்ணீர்ப் பரலுக்குள் கல்லை வைத்து அமிழ்த்தினோம். வெறும் தண்ணீர் குளவியின் உடலில் ஒட்டாமல் உருண்டோடும். சவர்க்காரம் கலந்தால் அது மூச்சுத் துளைகளுக்குள் புகுந்துவிடும். கூரை வளையிலுள்ள சின்னக் கூடுகளுக்கு இப்போது நாங்கள் இரவில் தெளிப்பதும் இந்தத் தண்ணீரைத்தான். பெரிய கூட்டை மட்டும் நாங்களாகத் தொடுவதில்லை. அப்புவைப் போன்றவர் கிடைக்கும்வரை அந்தப் பக்கத்தைக் கயிறு கட்டி மறித்து வைப்போம்.

மறுநாட் காலை பையை அவிழ்த்துக் கூட்டைப் பிளந்து பார்த்தோம். உள்ளே ஐந்து அடுக்குகள், ஒன்றின்கீழ் ஒன்றாகச் சிறு தூண்களில் தொங்கின. அறைகளின் வாய்கள் எல்லாம் கீழ்நோக்கி இருந்தன. வெளியுறை விரலால் தொட்டாலே கிழியும் தாள். அதில் கபிலம், வெள்ளை, சாம்பல் என்று பட்டை பட்டையாக வரிகள் ஓடின, ஒவ்வொரு வரியும் ஒரு மரத்திலிருந்து வந்தது. அந்தச் சாம்பல் வரியைக் கொண்டுபோய்ப் படலைக் கட்டையோடு வைத்துப் பார்த்தேன்; நிறத்தில் ஓர் இழையும் வேறுபாடு தெரியவில்லை. இரவில் வெளியே தங்கியிருந்த குளவிகள் நாலைந்து நாட்கள் வெட்டிய கிளையைச் சுற்றிக்கொண்டிருந்தன. அந்த நாட்களில் பிள்ளைகளைப் பூவரசடிக்கு விடவில்லை.

அதற்குப் பின் எல்லாக் கூட்டையும் அழிப்பதென்று நான் வெளிக்கிடவில்லை. கத்தரியிலும் மிளகாயிலும் புழு பொறுக்குகிறவை இவைதாம். நடைபாதை, கிணற்றடி, மலசலகூடம், பிள்ளைகள் விளையாடும் இடம் ஆகியவற்றில் கூடு இருந்தால் சிறிதாக இருக்கும்போதே அகற்றுகிறோம். வேலிக்கு அப்பால் காட்டோரத்தில் இருப்பதைப் பார்த்து வைத்துக்கொண்டு விட்டுவிடுகிறோம். மாதத்தில் ஒரு முறை கூரை வளை, மோட்டார் அறை, தண்ணீர்த் தாங்கியின் அடிப்பக்கம் ஆகியவற்றை அண்ணாந்து பார்ப்பது என் வேலை. ஆவணியில் பனங்களியைக் காயவைத்துப் பனாட்டுப் போடும்போதுதான் மனைவிக்கும் எனக்கும் வாக்குவாதம் வரும். பனங்களியின் இனிப்பை மோந்து வரும் குளவிகளுக்கு அளவே இல்லை. பந்தரை வீட்டிலிருந்து நாற்பது அடி தள்ளிப் போட்டு, மேலே நுளம்பு வலை விரிப்பதென்று ஒருவாறு உடன்பட்டிருக்கிறோம். மீன் வெட்டிய கழிவையும் அழுகிய பழத்தையும் அன்றன்றே புதைக்கிறோம். குளவி எழும்பிவிட்டால் கையை வீசாமல் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு நேரே வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்த வேண்டும் என்றும், எக்காரணம் கொண்டும் கிணற்றுப் பக்கம் ஓடக் கூடாது என்றும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம்.

படலைக் கட்டைக்குக் கழிவு ஒயில் பூசிவிட்டேன், அதில் இப்போது கோடு விழுவதில்லை. ஆனால் சாமியறை யன்னலின் மேல்மூலையில் மண்குளவியொன்று சென்ற கிழமை உருண்டை பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று பள்ளியில் படித்த கதையை நம்பியிருந்த காலத்தில் அதைப் பெரிய குருவாக மதித்தவன் நான். உண்மையில் அது குத்தி மயக்கிக் கொண்டுவந்து அடைப்பது தன் குஞ்சுக்கு இரை என்று அறிந்த பிறகு அந்த மதிப்புக் கொஞ்சம் குறைந்துவிட்டது. சுரண்டி எறிவோமென்று கரண்டியோடு போன என்னை மனைவி மறித்துவிட்டார். மண்குளவி கூடு கட்டும் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பது எங்களுடைய பக்கத்துப் பழைய நம்பிக்கை, மருமகளுக்கு இது ஐந்தாம் மாதம். கரண்டியைக் குசினியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.